கால் கிலோ ஏலக்காயும் ஒரு வக்கீல் நோட்டீசும்

ஏலக்காயை ஆன்லைனில் விற்பது சுலபம். வாங்கியவரின் பெயரும் போன் நம்பரும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையின் இணையதளத்தை நான் ஒருத்தியாகக் கவனித்துக்கொள்கிறேன். இதே பாடு படுகிறவர்கள் படித்து ஆறுதல் அடையலாம்.

கால் அளவு

இணையதளத்தில் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் இருந்தே ஆகவேண்டுமாம். எங்கள் முதலாளிக்கு எதுவும் உடனே முடியவேண்டும். ஏதோ ஒரு செருப்புக் கடையின் பக்கத்தை அப்படியே எடுத்து, கடைப் பெயரை மட்டும் மாற்றி, 'பொறுப்பு அதிகாரி' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டார். நான் அதிகாரி ஆனது எனக்கே மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

தெரியவைத்தது மதுரையிலிருந்து பேசிய ஒரு அம்மா. "உங்க கால் அளவை யாருக்கும் சொல்ல மாட்டோம்னு போட்டு, கீழ உங்க பேரு இருக்கு. ரொம்ப சந்தோஷம். என் ஏலக்காய் எங்க இருக்குன்னு எனக்காவது சொல்லுங்க."

நோட்டீஸ்

சென்னையில் ஒரு வக்கீல். மாதம் தவறாமல் கால் கிலோ வாங்குவார், அதுவும் பெரிய காயாக. ஏலக்காய் கேட்டே பழகிய அவர் திடீரென்று நோட்டீஸ் அனுப்பினார். முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்து, கல்யாணம் ஆகிவிட்டதா, நட்சத்திரம் என்ன, சொந்த வீடா என்று விசாரித்தாளாம். அந்த நம்பரை எங்கள் கடைக்கு மட்டுமே கொடுத்திருந்தாராம். பொறுப்பு அதிகாரி பதினைந்து நாளில் பதில் சொல்லாவிட்டால் வழக்கு.

நோட்டீசை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். முதலாளி நிதானமாகப் படித்துவிட்டுத் தைரியம் சொன்னார்: "நீ ஒண்ணும் பயப்படாத ஆத்தா. கேசு உன் பேர்லதான, கடை பேர்ல இல்லையே."

அனுமதி

பரிகாரமும் அவரே சொன்னார். வாங்கியவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, 'உங்கள் நம்பரை வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கவேண்டும். கேட்டேன். எல்லாரும் முதலில் கேட்டது, "இந்த நம்பர் உனக்கு யார் குடுத்தா?" என்றுதான்.

பக்கத்து ஊர் தேவாரத்திலிருந்து ஒரு விவசாயி மட்டும் மனசாரச் சம்மதித்தார். "தாராளமா வச்சுக்க தாயி. ஊருக்கே குடு. தோட்டத்துல யானை எறங்குனா எவனாவது கூப்பிட்டுச் சொல்லணும்ல."

காலண்டர்

பதிமூன்றாம் நாள் ஆள் அகப்பட்டது. பாக்கிங் பகுதி பாண்டியம்மா அக்கா. அவர் மகள் செல்விக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாதாமாதம் பெரிய காயாக வாங்குகிற வீடு வசதியான வீடாகத்தான் இருக்கும் என்று, முகவரி ஒட்டும்போதே பெயரையும் நம்பரையும் காலண்டரின் பின்பக்கம் குறித்துவைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்து வந்திருக்கிறார். வக்கீல் நான்காவது வரன்.

ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அக்கா ஒட்டுவதை நிறுத்தவே இல்லை. "பேரு, தெரு, போன் நம்பரு எல்லாத்தையும் பொட்டலத்து மேல ஒட்டி அனுப்புறது நீங்க. போடியில இருந்து சென்னை வரைக்கும் அம்புட்டுப் பேரும் படிக்கிறாக. நான் படிச்சாத்தான் குத்தமா?"

மன்னிப்பு

நான் சொல்லச் சொல்ல அக்கா மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவசரத்தில் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் எழுதியது செல்வியின் ஜாதக ஜெராக்ஸின் பின்பக்கம். கைக்கு அகப்பட்ட தாளாம். இன்றுவரை நான் நம்பவில்லை.

விஷயம் தெரிந்த செல்விக்கு வக்கீலைவிடக் கோபம். காலண்டரிலிருந்தே நம்பரை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். தன் சம்மதம் இல்லாமல் தன் ஜாதகத்தை எப்படி வைத்திருக்கலாம், அழித்துவிட்டு எழுத்தில் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே வக்கீல் என்னைக் கூப்பிட்டார். குரல் பாதியாக இறங்கியிருந்தது. "மேடம், நான் என் நோட்டீசை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தப் பொண்ணை மட்டும் கொஞ்சம் வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

காலண்டரைக் கிழித்தாயிற்று, ஜாதகத்தை அவர் எரித்தாயிற்று. எங்கள் கடையிலிருந்து இன்றுவரை வெளியே போகாத ஒரே தகவல் வக்கீலின் நட்சத்திரம்தான், அதுவும் அவர் கடைசிவரை சொல்லாததால்.