காய்ச்சல் இல்லாத சீட்டு

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் லீவ் சீட்டு எழுதுகிற ஜீவா படித்தது எம்.ஏ. தத்துவம். அதிலும் மனம் என்றால் என்ன, வலி எங்கே இருக்கிறது என்று குடைந்துகொண்டே போகிற பாடம். ‘படிச்சு என்னத்தக் கண்டே?’ என்று தொழிலாளர் லைன் வீடுகளில் கேட்காதவர் இல்லை. கேட்டால் அவளுக்குக் கோபம் வராது, சென்னை ஞாபகம்தான் வரும்.

எப்பேர்ப்பட்ட இரண்டு வருஷம் அது. கடற்கரைக்கு எதிரே பல்கலைக்கழகம், வியர்வையில் நோட்டு கையோடு ஒட்டிக்கொள்ளும் மதிய வகுப்பு. மலையில் பிறந்தவளுக்கு அந்த வெக்கைகூட இன்றைக்கு நினைத்தால் இனிக்கிறது. ‘அடுத்தவருக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரியும்?’ என்று பேராசிரியர் ஹெர்பர்ட் கேட்பார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று பாதி வகுப்பு உச்சுக் கொட்டும். ஜீவா மட்டும் நிமிர்ந்து உட்காருவாள். அவள் ஊரில் அது தினப்படி கேள்வி. தெர்மாமீட்டர் நூறைத் தொட்டால்தான் லீவ். இல்லாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டியதுதான்.

ஒருநாள் வகுப்பில் அம்மா கதையை எடுத்துவிட்டாள். அம்மாவுக்கு இடுப்பு கழன்று போகிற வலி, காய்ச்சலோ இல்லை. கம்பவுண்டர் திரும்பிய நேரம் பார்த்து அம்மா தெர்மாமீட்டரைச் சூடான டீயில் முக்கிவிட்டாள். அது நூற்றெட்டுக்கு ஓடிவிட்டது. ‘இந்தக் காச்சலுக்கு நீ செத்தில்ல இருக்கணும்’ என்று கம்பவுண்டர் விரட்டிவிட்டார். வகுப்பே சிரித்தது. ஜீவாவும் சேர்ந்து சிரித்தாள். ஹெர்பர்ட் சிரிக்கவில்லை.

“அதுல எதும்மா பொய்? காய்ச்சலா, வலியா?”

“காய்ச்சல்தான் சார்” என்றாள் ஜீவா. அம்மாவைப் பொய்க்காரி என்று ஊரே சொன்னபோது அவளும்தான் நம்பியிருந்தாள். அன்று சாயங்காலம் கடற்கரை மணலில் உட்கார்ந்து அழுதாள். சுண்டல் விற்கிறவர்கூடப் பக்கத்தில் வரவில்லை.

போன திங்கட்கிழமை, கொழுந்து பறிக்கிற காத்தாயி டிஸ்பென்சரிக்கு வந்தாள். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவள், ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

“மண்டை பொளக்குது புள்ள. இன்னைக்கு வேலைக்கு ஏலாது.”

தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. காய்ச்சல் இல்லாமல் இன்னொரு சீட்டு எழுதினால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் ஜீவாவிடம் போன மாதம்தான் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

“இன்னொருக்கா வச்சுப் பாக்கட்டா?” என்ற காத்தாயியின் கண், மேஜையில் ஆவி பறந்துகொண்டிருந்த டீ டம்ளர் மேல் போனது.

ஜீவா டம்ளரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். காத்தாயியின் முகம் தொங்கிப்போயிற்று. கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“உக்காருங்க சித்தி. நீங்க பொய் சொல்ல வேணாம்.”

சீட்டை இழுத்து, காய்ச்சல் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, கட்டமே அச்சடிக்காத இடத்தில், ‘வலிக்கிறது என்கிறார். ஒருநாள் லீவ்’ என்று எழுதி, தன் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டாள்.