வலப்பக்கம் திரும்பினால்

எனக்கு முதன்முதலாகத் தலைசுற்றல் வந்த காலையில் என் கணவர் என்னைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு ஓடிப்போனார். இதை அவர் இன்றுவரை வேறு மாதிரிதான் சொல்கிறார். நான் சொல்வதுதான் நடந்தது.

விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அலாரத்தை நிறுத்த வலப்பக்கம் புரண்டேன். உடனே அறை கிளம்பிவிட்டது. மின்விசிறி நின்றிருந்தது, அதைத் தவிர பீரோ, காலண்டர், மாதா படம் எல்லாம் சுற்றின. கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து என்னைக் கீழே கொட்டப் பார்த்தது. பக்கத்தில் படுத்திருந்தவரின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீடு ஆடுகிறது என்று கத்தினேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் அப்படிக் கத்தக் கூடாது. மலைமேல் பழைய அணை இருக்கிறது; நிலம் ஆடினால் அது உடைந்துவிடும் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆடுகிறது என்ற சொல் காதில் விழுந்தால் யாரும் நின்று விளக்கம் கேட்க மாட்டார்கள். அவர் முடியை விடுவித்துக்கொண்டு, செல்போனை எடுத்துக்கொண்டு, லுங்கியைப் பிடித்தபடி வெளியே ஓடி, கொட்டத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவையும் தட்டிவிட்டார். எனக்குச் சுற்றல் நின்று, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தபோது ராயப்பன்பட்டியில் எங்கள் தெருவே வெளியில் நின்றது. எல்லாரும் இடிபாட்டிலிருந்து தப்பி வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

"மாட்ட அவுத்துவிட்டீகளே, என்னைய ஏன் கூப்பிடல?" என்று கேட்டேன்.

"மாட்டுக்குத் தானா அவுத்துக்கிட்டு வரத் தெரியாதுல்ல" என்றார்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. அவர் திராட்சை விவசாயி. ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் எனக்கு வந்த பெரிய நோய் அம்மை மட்டும்தான்.

சுற்றல் நிற்கவில்லை. வரும், ஒரு நிமிடத்துக்குள் போய்விடும், பிறகு அரைநாள் வயிற்றைப் புரட்டும். படுத்தால் வந்தது, எழுந்தால் வந்தது, கொடியில் துணி காயப்போட அண்ணாந்தால் வந்தது. ஒருநாள் பூமி சுழல்வது பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பூமி இவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் நமக்கு அது தெரிவதே இல்லை என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். தெரிந்தது. விழாமல் இருக்க மேசைமேல் கைக்கு அகப்பட்ட உலக உருண்டையைப் பிடித்தேன். அதுவும் சுற்றியது.

உத்தமபாளையத்தில் ஒரு டாக்டர் பிரஷர் பார்த்தார், சர்க்கரை பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. மனசுக்குள் கவலை ஏதாவது உண்டா என்று கேட்டார். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன் என்றேன். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுதினார். ரத்தம் கொஞ்சம் குறைவு என்று டானிக்கும் கொடுத்தார். மாத்திரை நன்றாகத் தூக்கம் கொடுத்தது. மாதத் தேர்வுக்குக் காவலாக உட்கார்ந்தவள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். அந்தத் தேர்வில் வகுப்பு மொத்தமும் நல்ல மதிப்பெண் வாங்கியது.

என் கணவர் எதையும் கொடியை வைத்தே யோசிப்பவர். இலை வாடினால் வேரைப் பார்க்க வேண்டும் என்றார். என் வேர் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆகவே தண்ணீர் அதிகம் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தோட்டத்துக்குப் போனேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று குலை எப்படி இருக்கிறது என்று அண்ணாந்தேன். பந்தல் முழுவதும் ராட்டினம்போல் கிளம்பியது. பின்னால் பறித்து வைத்திருந்த பன்னீர் திராட்சைப் பெட்டி ஒன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கவும் முடியவில்லை. குமட்டலுக்குப் புளிப்பு நல்லது என்பதால் கைக்கு எட்டிய காய்த் திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோலத்தில் என் கணவரின் தங்கை என்னைப் பார்த்தாள்.

அவள் எங்களுக்கு அடுத்த வீடு. நல்ல மனசு; கேட்டதை வைத்துக்கொள்ளத்தான் இடம் போதாது. பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் ஆரம்பித்தாள்.

"மதினி, மயக்கமா வருது. வாய் புளிப்புக் கேக்குது. நாள் தள்ளிப்போயிருக்கா?"

"நாப்பத்தேழு வயசுல நாள் தள்ளாம என்ன செய்யும்?"

"பைபிள்ல வயசான காலத்துல பெத்தவுக இல்லையா?" என்றாள்.

மறுபடி சுற்றியதால் கண்ணை மூடிக்கொண்டேன். அதை அவள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து மகள் அழைத்தாள். உண்மையா என்று கேட்டாள். எது உண்மையா என்றேன். விடுதியில் தோழிகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் செய்தி எங்கெங்கே போயிருக்கிறது என்று விளங்கியது. பள்ளியில் தலைமையாசிரியை எனக்கு மாடிப்படி ஏறாத வகுப்பாக மாற்றிக் கொடுத்தார். யாரோ மாங்காய் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள்.

என் கணவர் இதை மறுத்திருக்கலாம். அவரோ மீசைக்கு மை பூசிக்கொண்டு, டீக்கடையில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார ஆரம்பித்தார். நான் சண்டை போட்டதற்கு, "நானா ஒண்ணும் சொல்லல. அவுகளா வந்து கை குடுத்தாக. மரியாதைக்கு நானும் குடுத்தேன்" என்றார்.

நாளாக ஆக, என் வயிறு அப்படியே இருப்பதைப் பார்த்து ஊர் ஏமாற்றத்துடன் அந்தப் பேச்சை விட்டது.

அடுத்து கழுத்து. இன்னொரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று பட்டை மாட்டிவிட்டார். அதை மாட்டியதும் தலையைத் திருப்ப முடியவில்லை. பகலில் சுற்றலும் வரவில்லை. ஆகா, கழுத்துதான் என்று எல்லாரும் முடிவு கட்டினோம். பட்டையோடு விறைப்பாக நின்று மாணவர்களை முழு உடம்போடு திரும்பிப் பார்த்தேன். வகுப்பில் அவ்வளவு ஒழுங்கு நான் அதுவரை கண்டதில்லை. கோயிலில் மட்டும் தலைகுனிய முடியாமல், எல்லாரும் குனிந்திருக்க நான் ஒருத்தி நிமிர்ந்து சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார். ஆனால் படுக்கும்போது பட்டையைக் கழற்றினால் வீடு பழையபடி கிளம்பிவிடும்.

பிறகு தேனியில் மூளைக்கு ஸ்கேன். இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. உலோகம் கூடாது என்று ஜெபமாலையை வாங்கி வைத்துவிட்டார்கள். அந்தக் குழாய்க்குள், தடதட சத்தத்தில், விரலை மடக்கி மடக்கி ஜெபம் சொன்னேன். பாதியில் ஜெபம் மறந்து, மகளுக்குக் கல்யாணத்துக்கு யார் புடவை எடுப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். என் கணவரின் அண்ணன் மனைவி எடுத்தால் மஞ்சளாகத்தான் எடுப்பார் என்று நினைத்ததும் பிழைத்தே தீர வேண்டும் என்று தோன்றியது. தலைக்குள் எதுவும் இல்லை என்று முடிவு சொன்னார்கள். என் கணவர் எதிரே இருந்த ஓட்டலுக்கு என்னைக் கூட்டிப்போய், எட்டு பரோட்டா சாப்பிட்டார். முந்தின நாளிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எதுவும் இல்லை என்ற சந்தோஷம் ஊர் வந்து சேரும்வரை இருந்தது. படுத்தேன், சுற்றியது. எதுவும் இல்லாமல் எப்படிச் சுற்றும்?

கேரள எல்லையில், குமுளியில் ஒரு வைத்தியர் இருப்பதாக நாத்தனார் சொன்னாள். மலையாளம் தனக்குத் தெரியும், பேச்சைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் கணவர் கிளம்பினார். திராட்சை லோடோடு இரண்டு முறை அந்தப் பக்கம் போய்வந்தவர். வைத்தியர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளாகத் தலைகறக்கம் என்று மலையாளத்தில் கேட்டார். என் கணவர் முகம் மாறியது. என் காதோடு குனிந்தார்.

"தலையக் கறக்கணும்ங்கிறாரு."

"தலைய எப்பிடிங்க கறக்குறது?"

"எண்ணெய் போட்டுத்தான் கறப்பாக போல. வலிக்குமான்னு கேக்கவா?"

கேட்டார், அவருடைய மலையாளத்தில். வைத்தியர் வெகுநேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுத்தமான தமிழில், "அம்மா, நான் படிச்சது மதுரையில. நீங்க நேரா எங்கிட்டயே சொல்லுங்க" என்றார். அங்கே தலைகறக்கம் என்றால் தலைசுற்றல்தானாம். அவர் கொடுத்த தைலத்தை இருபது நாள் தேய்த்தேன். தலைமுடி நன்றாக வளர்ந்தது.

விடை கடைசியில் என் கையிலேயே இருந்தது. எட்டாம் வகுப்புக்குக் காதின் படம் வரைந்துகொண்டிருந்தேன், ஒவ்வோர் ஆண்டும் வரைவதுதான். செவிப்பறை போட்டேன், நத்தை எலும்பு போட்டேன், அரைவட்டக் கால்வாய்கள் மூன்றையும் போட்டு அம்புக்குறி இழுத்து, "உடலின் சமநிலையைக் காப்பது" என்று எழுதினேன். எழுதிவிட்டு அதை நானே ஒருமுறை வாசித்தேன். சாக்பீஸோடு அப்படியே நின்றேன். இத்தனை மாதம் பிரஷர், ரத்தம், கழுத்து, மூளை, கர்ப்பம் எல்லாம் பார்த்தாயிற்று. காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் காது நன்றாகத்தான் கேட்டது.

அந்த வாரமே தேனியில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயதுப் பெண். எந்தப் பக்கம் திரும்பினால் வருகிறது என்று கேட்டார். இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. வலப்பக்கம் என்றேன். என்னை மேசையில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சடாரென்று பின்னால் சாய்த்துத் தலையை மேசைக்கு வெளியே தொங்கவிட்டார். மருத்துவமனை மொத்தமும் சுற்றியது. நான் டாக்டரின் சடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் என் கண்ணையே பார்த்து, "இந்தா பாருங்க சார், கண்ணு எப்படி ஆடுதுன்னு" என்று என் கணவரைக் கூப்பிட்டார். அவர் குனிந்து பார்த்தார். என் கருவிழி துள்ளுவதைப் பார்த்ததும் அவருக்குத் தலைசுற்றி, நர்ஸ் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

உள்காதில் மணல்போல் நுண்ணிய துகள்கள் உண்டாம். சிலருக்கு அவை இடம் மாறிக் கால்வாய்க்குள் போய்விடுமாம். தலையைத் திருப்பினால் அவை உருளும், நமக்கு உலகம் உருளும். மாத்திரை எதுவும் தரவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பினார், உடம்பை ஒருக்களித்துப் புரட்டினார், நிமிர்த்தி உட்காரவைத்தார். அவ்வளவுதான். அன்று கட்டிலில் பயந்து பயந்து வலப்பக்கம் புரண்டேன். பீரோ பீரோவாகவே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குணமானதைவிட, இதற்கு ஒரு காரணம் இருந்தது, நானாகக் கற்பனை செய்யவில்லை என்பதுதான் பெரிதாக இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்த முறை ஓடாமல் என் கணவரே தலையைப் பிடித்துப் புரட்டினார். முதலில் தவறான பக்கம் புரட்டி என்னை வாந்தியெடுக்க வைத்தார். பிறகு சரியாகச் செய்தார். இப்போது பந்தல் கட்டும் ஆட்களுக்கும் தலையை எப்படித் திருப்புவது என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்.

நாத்தனாரிடம் என் கணவர் விஷயத்தைச் சொன்னபோது, மதினிக்குக் காதுக்குள் கல் என்று சொல்லியிருக்கிறார். கல் என்றால் வாழைத்தண்டுச் சாறுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சொம்பு நிறையக் கொண்டுவருகிறாள். சிறுநீரகக் கல் வேறு, இது வேறு என்று படம் போட்டுக்கூடக் காட்டிவிட்டேன். மோரும் உப்பும் சேர்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. குடித்துவிடுகிறேன்.