ஒரு வாய் கொத்தமல்லித் தண்ணீர்

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பழக்கம் உண்டு. உதைபந்தாட்டப் போட்டிக்குப் போகிறவன் தன் வீட்டில் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட முடியாது. முதல் காம்பராவிலிருந்து பன்னிரண்டாவது காம்பரா வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று, யார் எதை நீட்டினாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். ஒரு வீட்டில் முட்டைக் கோப்பி, ஒரு வீட்டில் இஞ்சித் தேத்தண்ணி, இன்னொரு வீட்டில் உளுந்தங்கஞ்சி. ஒரு வாசலைத் தாண்டிப் போனால் அந்த வீட்டுக்காரர்கள் தீபாவளி வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தோற்றுவிட்டு வந்தாலோ, எந்த வீட்டுக் கோப்பியில் சீனி குறைந்தது என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். இதை யார் தொடங்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

பன்னிரண்டாவது காம்பரா என்னுடையது. அக்கரப்பத்தனை பஜாரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். போட்டோக் கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, மனு தட்டிக் கொடுப்பது எல்லாம் நான்தான். சுற்றியுள்ள தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து நடத்தும் உதைபந்தாட்டக் கழகத்தின் பேஸ்புக் பக்கமும் என் கையில்தான் இருக்கிறது. மைதானத்தில் என் வாய் சும்மா இருக்காது. ஹட்டனில் ஒருமுறை, நடுவரிடம் நான் கேட்ட சில கேள்விகளுக்காக, என்னைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். போனேன். அங்கே நின்றும் அதே கேள்விகளைக் கேட்டேன்.

கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரன் எங்கள் லயத்துப் பிள்ளை. மூன்றாவது காம்பரா. அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா இல்லை. இருபத்து மூன்று வயது. பேச்சு குறைவு. பந்து காலில் வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். சரிவில் ஓடிப் பழகிய கால்கள் என்பதால் சமதரையில் அவனை யாராலும் பிடிக்க முடியாது. அவன் ஆட்டத்தை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கழகம் முதல் தடவையாகக் கொழும்பில் பெரிய போட்டிக்குப் போன அன்று காலை, பனி மூட்டத்தில் எதிர் லயம் தெரியவில்லை. அவன் பதினொரு வாசலையும் முடித்துக்கொண்டு என்னிடம் வந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். இருமலுக்கு நடுவே மூச்சு விசில் அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சிறு வயதிலிருந்தே எனக்கு இழுப்பு. பஜார் டொக்டர் சின்னக் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கும் வெள்ளைக் குளிசை எப்போதும் வீட்டில் இருக்கும். உறையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மட்டும் எழுதியிருக்கும், மருந்தின் பெயர் இருக்காது. அவனுக்கோ குளிசை என்றாலே ஆகாது, சொன்னால் குடிக்க மாட்டான். உள்ளே போனேன். ஒரு குளிசையைக் கரண்டியால் நசுக்கிக் கொத்தமல்லித் தண்ணீரில் கலக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "கசக்குதேக்கா."

"இஞ்சி கூடிப்போச்சு. மூச்சு விடாமக் குடி."

குடித்தான். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் இது ஒன்றுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அன்று மத்தியான வெயிலில் அவன் போட்ட இரண்டு கோலைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. ஆட்டம் முடிந்ததும் அதிகாரிகள் அவனைத் தனியே அழைத்துப்போய்ப் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்தார்கள். "நம்ம தோட்டத்துத் தண்ணிய போத்தல்ல புடிச்சிக் குடிச்சாலாவது கொழும்புக்காரனுக்கு ஓட வருதான்னு பாப்போம்" என்று பஸ்ஸில் நான்தான் சொன்னேன். பஸ் முழுக்கச் சிரித்தது.

சில வாரம் கழித்துக் கடையில் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. மலையகக் கழகத்தில் ஊக்கமருந்து என்று கொட்டை எழுத்து. கூடவே போட்டிருந்த படத்தில் இருந்தது அவன்கூட இல்லை, எங்கள் கோல் காப்பாளர். பாவம், அந்த மனிதர் இரண்டு நாள் பஜாருக்கே வரவில்லை. மாலைக்குள் கழகமே மருந்தில் ஓடுகிறது என்றாகிவிட்டது. கீழே கருத்துப் போட்டவர்கள் எங்களை, எங்கள் சாதி சனத்தை, எங்கள் தேயிலையைக்கூட விடவில்லை. முதல் இருபது பேருக்குப் பதில் எழுதினேன். எழுதியதை இங்கே சொல்ல முடியாது.

சாயங்காலம் பீலிக்கரையில் குடத்தோடு எல்லோரும் கூடி நின்றார்கள். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழும் இடம் அது. எங்கள் லயத்துச் செய்தி நிலையமும் அதுதான். ஒரு வானொலிச் செய்தியாளர் விரிவாக எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரி: கண்டுபிடிக்கப்பட்டது இழுப்பு நோயாளிகளின் மூச்சுக்குழாயை விரிக்கக் கொடுக்கும் ஒரு மருந்து, அது குளிசையாக விழுங்கப்பட்டிருக்கலாம். கண் அந்த வரியில் நின்றது. வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. லயத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நான் வாசித்தால் சரியாக இருக்கும் என்று நம்பி அவர்கள் கைப்பேசியைத் திறப்பதில்லை.

மருந்து உடம்புக்குள் எப்படிப் போனது என்று அவன் விசாரணையில் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் வருடக்கணக்கில் தடை, அவன் ஆடும் வயதே முடிந்துவிடும் என்று கழகச் செயலாளர் வந்து சொன்னார். யார் என்ன கொடுத்தார்கள் என்று எங்கள் எல்லோர் முன்னாலும் அவனைத் துருவித் துருவிக் கேட்டார்.

"பன்னெண்டு வீட்லயும் குடிச்சேன்ணே" என்றான் அவன். "எல்லாரும் ஆசையாத்தான் குடுத்தாங்க. ஒரு வீட்ட மட்டும் கையக் காட்டுன்னா என்னால ஏலாது."

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதுதான் அவனுக்குத் தெரியும் என்பது எனக்குப் புரிந்தது. கசப்பு ஒரு வீட்டில்தானே இருந்தது. மறுநாள் பீலியில் பார்த்தபோது வழக்கம்போலச் சிரித்து, "பேஜ்ல யாரோடயும் மல்லுக்கு நிக்காதீங்கக்கா, விடுங்க" என்றான். நான் குடத்தைக்கூட நிரப்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். தன் பிழைப்பையே பணயம் வைத்து ஒருவன் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அவ்வளவு மலைத்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கடையில் மனு எழுத வருகிறவர்கள் என்னைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்ற பயம்தான்.

அந்த வாரம் யூடியூப்காரர் ஒருவர் கெமராவோடு வந்தார். மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு இறங்கிய பெண்களிடம், தம்பிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று இனிக்க இனிக்கக் கேட்டார். அவர்களும் மறைக்காமல் சொன்னார்கள். "முட்டக் கோப்பி எங்கூட்டுதுங்க." "நான் கஞ்சி குடுத்தேன். எங்க கஞ்சியக் குடிச்சாத்தான் அவன் கோல் போடுவான்." மறுநாள் அது வீடியோவாக வந்தது. தலைப்பு, தோட்டமே சேர்ந்து கொடுத்த மருந்து. நாடே பார்த்துச் சிரித்தது. அந்தத் தலைப்பைப் போட்டவர் மறுபடி வந்திருந்தால் கெமரா இல்லாமல்தான் திரும்பியிருப்பார்.

லயத்துப் பெண்கள் கூனிக் குறுகிப் போவார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் என் காம்பராவுக்கு வந்தார்கள். மூன்றாவது காம்பராக்காரரும், அதாவது அவன் அம்மாவும், கூட வந்திருந்தார்.

"புள்ள, நீ எழுது" என்றார் முதல் காம்பராக்காரர். "நாங்க அன்னைக்கி என்னா என்னா குடுத்தோமோ அத அப்பிடியே எழுது. கையெழுத்துப் போடுறோம். எங்க சாமானுல ஏதும் இருந்துச்சின்னா எங்களப் புடிக்கட்டும், பயல விட்டுறட்டும்."

எழுதினேன். ஒரு கடிதம் முடிய அடுத்தது. எத்தனை கரண்டி சீனி, எந்தக் கடைக் கோப்பித்தூள், முட்டை யார் வீட்டுக் கோழியுடையது என்றுகூட விடாமல் சொன்னார்கள். ஐந்தாவது காம்பராக்காரர், தேத்தண்ணியில் கோயில் திருநீறு ஒரு சிட்டிகை போட்டதை இதுவரை சொல்லவில்லை என்று சொல்லி அழுதார், அதையும் எழுதச் சொன்னார். சிக்கிக்கொள்வோமோ என்று ஒருவர் முகத்திலும் தயக்கம் இல்லை. அவர்கள் கொடுத்ததில் எதுவும் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேதான் கழுத்தை நீட்டினார்கள். மைதானத்தில் அவனைப் பார்த்து நான் வாயைப் பிளந்ததெல்லாம் அன்றைக்கு இவர்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பதினோராவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் அம்மா பேனாவை என்னிடம் நீட்டினார்.

"ஓன் கடுதாசி எங்க புள்ள?"

சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் மனதில் எதுவும் இருக்கவில்லை. நான் கைப்பேசியை எடுத்தேன். பீலிக்கரையில் தாண்டிப்போன வரியைத் தேடி எடுத்து, சத்தமாக, ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். பிறகு சமையல் மேசையிலிருந்து கடதாசி உறையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "நாந்தான் கலந்தேன். கொத்தமல்லித் தண்ணியில. அவங்கிட்ட இஞ்சின்னு பொய் சொன்னேன். ஒங்ககிட்டயும் வாசிக்காம மறைச்சேன்."

வெளியே பீலித் தண்ணீர் விழுவது கேட்டது. திட்டுவார்கள், திட்டினால் நல்லது என்று காத்திருந்தேன். அவன் அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கி ஒரு வீட்ல கசந்துச்சின்னு எங்கிட்ட சொன்னான்" என்றார் கடைசியில். "எந்த வீடுன்னு கேட்டேன். அடிக்கக்கூடப் போனேன். சொல்லல." உறையை மடித்து மூடினார். "பஸ்ஸுல போறப்ப இருமல் நின்னுச்சின்னான் புள்ள. அது ஒன்னாலதான்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. எழுது, நேரமாகிறது என்றார். எழுதினேன். பன்னிரண்டாவது கடிதம்தான் எல்லாவற்றிலும் சின்னது.

விசாரணைக்குப் பன்னிரண்டு கடிதங்களோடும் குளிசை உறையோடும் போனேன். குழுவில் இருந்த ஓர் அம்மாள் சிங்களத்தில் கேட்டார், நான் பஜார் சிங்களத்தில் பதில் சொன்னேன். தடை செய்த மருந்துகளின் பட்டியலைக் கழகத்துக்கு அனுப்பியிருந்தோமே, பார்க்கவில்லையா என்றார். பார்த்தேன் என்றேன். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்த அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கழக அறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். வெள்ளிக்கிழமை பூ வைக்கிறவள் நான்தான். ஒரு நாளும் வாசித்ததில்லை. கொழும்பிலிருந்து எங்கள் கழகத்துக்கென்று வந்த முதல் தாள் என்பதால் அப்படி என்று சொன்னேன். அந்த அம்மாள் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

வருடக்கணக்கு என்ற தடை மாதக்கணக்கானது. அந்தச் செய்தியை எந்தச் சனலும் கொட்டை எழுத்தில் போடவில்லை. ஒரு பத்திரிகையில் மட்டும், விளையாட்டுப் பக்கத்தின் அடிமூலையில் நான்கு வரி. பீலிக்கரையில் அந்த நான்கு வரியையும் நான் வாசித்தபோது யாரும் கை தட்டவில்லை. மறுபடி வாசி என்றார்கள். மூன்று முறை வாசித்தேன்.

தடை முடிந்து அவன் முதல் ஆட்டத்துக்குப் போன காலையிலும் பனிதான். மூடி திறக்காத போத்தல் தண்ணீர் தவிர ஆட்டக்காரர்கள் எதையும் குடிக்கக்கூடாது என்று கழகம் சட்டம் போட்டிருந்தது. லயத்துக்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் வெறும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஒவ்வொரு டம்ளரையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தான். நான் வாசலுக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன்.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, தண்ணி."

"வேணாம்டா. சட்டம் இருக்கு."

"தெரியும். தாங்க."

கேத்தலில் இருந்த வெந்நீரை ஊற்றிக் கொண்டுவந்தேன். அந்த லயமே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை, மோந்து பார்க்கவும் இல்லை. ஒரு வாய்தான் எங்கள் வழக்கம். அவன் முழு டம்ளரையும் குடித்து, கவிழ்த்துக் காட்டி, என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.