கிணற்றுக்கு மேற்கு

மணவாள நகரில் நாங்கள் விற்ற வீட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது. என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிறன்று மட்டும் வருவார். வீட்டை விற்றுவிட்டு எல்லோரும் அங்கே போய்விடலாம் என்று முடிவானது. வீடு என் பெயரில் இருந்ததால் கையெழுத்தும் என்னுடையது, பின்னால் வந்த பயமும் என்னுடையது.

பத்திரம் எழுதுகிறவர் எழுதி முடித்ததும் முழுவதையும் மூச்சு விடாமல் படித்துக் காட்டுவார். கேட்கிறவர்கள் ‘சரி’ என்று தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்ற மிதப்பு வேறு. இன்னொரு தடவை படிக்கச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

பதிவு முடிந்த நாலாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரி கத்துவது கேட்டது. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பொதுக் கிணறு. கிணற்றுக்கு மேற்கே நாங்கள், கிழக்கே அவள். அரிசி மில்லில் வேலை பார்த்து, கணவன் செத்த பிறகு அந்த ஓட்டு வீட்டை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, எங்கள் வீட்டை வாங்கியவர் அவள் வாசலில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? என் ஊட்ட வந்து அளந்துக்கினு கீறாரு இந்தாளு!"

"தப்பா வந்துட்டீங்க. எங்க வீடு அந்தாண்ட இருக்கு" என்றேன் அவரிடம்.

அவர் சிரித்தபடியே பத்திரத்தை நீட்டினார். "நான் ஏம்மா தப்பா வரேன்? பத்திரத்துல இன்னா போட்டுக்குதோ அதான் என் ஊடு."

வாங்கிப் படித்தேன். என் தந்தை எனக்கு எழுதிக் கொடுத்த பழைய பத்திரத்தில் ‘பொதுக் கிணற்றுக்கு மேற்கு’ என்று இருந்தது. வீடு கிணற்றுக்கு மேற்கே இருக்கிறது என்று பொருள். அதைப் புதிய பத்திரத்தில் ‘மேற்கில் பொதுக் கிணறு’ என்று எழுதியிருந்தார்கள். அதே சொற்கள்தான். சொல்லின் இடமும் வேற்றுமை உருபும் மாறியதில் எங்கள் வீடு கிணற்றைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டது. போதாததற்கு அந்த வருஷம்தான் பஞ்சாயத்தில் கதவு எண்களை மாற்றியிருந்தார்கள். பத்திரத்தில் போட்டிருந்த எங்கள் பழைய எண் இப்போது அவள் கதவில் இருந்தது. அடுத்தவள் வீட்டை விற்றவள் ஆகிவிட்டேன்.

பத்திரம் எழுதியவரிடம் ஓடினேன். "படிச்சுக் காட்டுனப்போ நீங்கதானேம்மா சரின்னீங்க?" என்றார். திருத்தல் பத்திரம் போடலாம், ஆனால் வாங்கியவரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றார். வாங்கியவரோ "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தார். அவள் வீடு மூலை மனை, எங்களுடையதைவிடப் பெரியது. அவருக்குக் கசக்கவா செய்யும்?

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் போலீஸ் என்று நினைத்துக் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். என்னை ஜெயிலில் போட்டால் பிள்ளைகளுக்கு யார் தலைவாரிவிடுவார்கள் என்று கிறுக்குத்தனமாக யோசித்து அழுவேன். ஞாயிறன்று வந்த கணவர், "படிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போட்டே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

அவள் மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வெளியே போன நேரத்தில் வீட்டைப் பூட்டிவிடுவார்களோ என்ற பயம். கிணற்றடியில் ஒரு நாள் என்னைப் பார்த்து, "எனக்குப் போக்கிடம் எங்கம்மா கீது?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. வாங்கியவரின் தாயார் வந்து பார்த்தார். மூலை வீட்டு வாசல் தெற்கு பார்த்தது. "தெக்கு வாசல் ஊட்ல நான் கால் வெக்க மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். மகன் மறுநாளே கையெழுத்துக்குச் சம்மதித்தார்.

திருவள்ளூர்ப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் எங்களோடு வந்தாள். பதிவுக்குக் கொடுக்கும் முன் திருத்தல் பத்திரத்தை மூன்று முறை மனதுக்குள் படித்தேன். பிறகு அவளுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். "பொதுக் கிணற்றுக்கு மேற்கு. கேட்டுக்கோ, மேற்கு. உன் வீட்டுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது" என்றேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

வடக்கே வேலைக்குப் போன அவள் மகனின் கடிதங்களை ஆறு வருஷமாக நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். அவன் எழுதாத நலம் விசாரிப்பைக்கூடச் சில சமயம் நானே சேர்த்துப் படித்திருக்கிறேன். ஒரு நாளும் அவள் சந்தேகப்பட்டதில்லை.

இப்போது என் கையிலிருந்து பத்திரத்தை மெதுவாக வாங்கினாள். அலுவலக வாசலில் புளியமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ ஓர் ஆளிடம் போய் நீட்டினாள்.

"சார், நீ ஒருதபா படிச்சுச் சொல்லு சார்."

அவர் படித்து முடிக்கிறவரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.