தண்ணீர் ஊற்றிய குற்றம்

முத்தம்மாக்கா பெங்களூரில் எங்கள் ஆராய்ச்சி நிலைய நர்சரியில் தினக்கூலி. சிவாஜிநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. உத்தர கன்னடத்துச் சதுப்புக் காட்டில் அழிந்துகொண்டிருக்கும் காட்டு ஜாதிக்காயை, பெரிய படிப்பு படித்தவர்கள் இரண்டு வருடம் விதைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் கிளம்பவில்லை. நான் ஈரச் சாக்கில் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்த விதைகளில் நானூற்றுப் பன்னிரண்டை அவள் கன்றாக்கினாள்.

அந்தக் கன்றுக்கு வேர் எப்போதும் தண்ணீரில் நிற்க வேண்டும். ஜூனில் எல்லாவற்றையும் காட்டில் நடுவதாக ஏற்பாடு. தானும் கூட வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அதுங்க சொந்த மண்ணுல நிக்கிறதப் பாத்துட்டா போதும் தம்பி."

மே மாதம் ஊரெல்லாம் டெங்கு. அவள் மகள் வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் லீவு போட்ட சமயம் பார்த்து, நிர்வாக அதிகாரி சீனிவாசராகவன் கொசு பெருகும் என்று கன்றுகள் நின்ற தொட்டித் தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டார். புண்ணியவான், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வந்தவள் துவண்ட இலைகளைப் பார்த்ததும் பைப்பை எடுக்க ஓடினாள். விஞ்ஞானி நிருபமா மேடம் தடுத்தார்.

"ஊத்தாதீங்க முத்தம்மா. தண்ணி இல்லேன்னா எத்தனை நாள்ல சாகும்னு இதுவரைக்கும் யாரும் அளந்ததில்ல. டெய்லி செத்தத எண்ணி எழுதுங்க."

"இப்ப ஊத்துனா பொழச்சிக்கும் மேடம்."

"அதுக்குத்தான் ஊத்த வேணாங்கிறேன்."

வளர்த்த கையாலேயே பன்னிரண்டு நாள் எழுதினாள். நான் வாயைத் திறந்தேனா? இல்லை. எனக்கும் கான்ட்ராக்ட் வேலைதான்.

மூலையிலிருந்த ஒரு ட்ரேவுக்கு மட்டும், தான் குடிக்கிற பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அதில் முப்பது கன்று. பதின்மூன்றாம் நாள் மேடம் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டார்.

"டேட்டாவையே கெடுத்துட்டீங்களே. நாளையிலேர்ந்து வராதீங்க."

அக்கா வேலைக்காகக் கெஞ்சவில்லை. "நான் போயிடறேன் மேடம். இதுங்கள மட்டும் காட்டுக்கு அனுப்பிடுங்க."

அந்த முப்பதும் பிழைத்ததிலும் சேராது, செத்ததிலும் சேராது, வைத்திருந்தால் ஆராய்ச்சிக் கமிட்டி கேள்வி கேட்கும் என்றார் மேடம். பிடுங்கிப் போடும்படி என்னிடம் சொன்னார்.

பிடுங்கினேன். ஈர மண், சுலபமாக வந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றாள். முப்பதாவதையும் நான் பிடுங்கிப் போடும்வரை அவள் போகவில்லை.