மைக் வண்டியின் குரல்

வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பெசன்ட் நகரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊரூர் குப்பத்துக்குள் நடக்கிறேன். பதினைந்து வருடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி எழுதியவள் நான். முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள் என்று இப்போது மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். நடுநடுவே அறிவிப்புகளும் எழுதிப் பேசிக் கொடுப்பதுண்டு. போன மழைக்காலத்தில் மைக் கட்டிய ஜீப் இந்தச் சந்துகளில் ஒலிபரப்பிய புயல் எச்சரிக்கைக் கேசட்டில் இருந்தது என் குரல்தான்.

இன்று வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. கடல், கொட்டிய எண்ணெய்போல அசையாமல் கிடக்கிறது.

"சங்கரா மீன் இருக்கா?" மீன்காரப் பெண்ணிடம் கேட்கிறேன்.

செதில் சுரண்டும் கை நிற்கிறது. "இன்னொரு தபா பேசு."

"சங்கரா இருக்காம்மா?"

அவள் எழுந்து படகுகளின் பக்கம் திரும்பிக் கத்துகிறாள். "யோவ், வண்டில பேசுன பொம்பள வந்துகீதுயா!"

வலையோடு உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுகிறார்கள். முதல் படகை மேட்டுக்கு இழுக்கிறார்கள்.

"ஐயோ, புயலெல்லாம் இல்லைங்க. மீன் வாங்கத்தான் வந்தேன். யாரும் பதற வேண்டாம்."

"அன்னிக்கும் இத்தத்தான் மொதல்ல சொன்ன," என்கிறாள் அவள். "அத்தக் கேட்டுட்டுத்தான் எம் புருசன் கடலுக்குப் போனான், திரும்பல."

பதற வேண்டாம். கேசட்டின் முதல் வரி அதுதான். எழுதியதும் நான்தான்.

இரண்டாவது படகும் மேடேறுகிறது. கடலை யாரும் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்க்கிறார்கள்.