சன்னாசி அண்ணனின் கால் பெருவிரல்

சன்னாசி அண்ணன் போய்விட்டார்... இன்று காலை. அவர் மகன் போன் எடுத்துச் சொன்னபோது த்ரீவீலர் கழுவிக்கொண்டிருந்தேன், பைப்பை மூடக்கூட மறந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலைக்கு நடுவே ஒன்பது குழி வைத்த எங்கள் சின்ன கோல்ஃப் மைதானத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆட்டக்காரர்களுக்கு மட்டைப் பை தூக்கியவர் அவர். கடைசிப் பன்னிரண்டு வருஷம் நானும் கூடவே தூக்கினேன், அதாவது தினமும் சண்டை.

சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். அந்தக் காலத்து ஆட்டக்காரன் பெரியவனா, இந்தக் காலத்து ஆட்டக்காரன் பெரியவனா?

நான் இந்தக் காலத்துக் கட்சி. டைட்டேனியம் மட்டை, தூரம் காட்டும் மெஷின், அடித்தால் நிற்காமல் பறக்கும் பந்து... அண்ணனுக்கு இதெல்லாம் குப்பை.

"மட்டையாடா இது? சோத்துப் பானைக்கு காம்பு போட்ட மாதிரி! பெரிய தொரை மரத்தலை மட்டையில அடிச்சாருடா. அது ஆட்டம்!"

பெரிய தொரை என்பது அண்ணன் இளந்தாரியாக இருந்தபோது பை தூக்கிய தோட்ட மேனேஜர். கிளப் சுவரில் ஒரு ரெக்கார்டு போர்டு உண்டு, அதில் தொரையின் பெயருக்கு நேரே 34. ஒன்பது குழிக்கும் சேர்த்து முப்பத்தினாலே அடி; கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் பெருமை. அதற்குப் பிறகு ஒருத்தனாலும் அதை அசைக்க முடியவில்லை.

"மட்டை மாறலாம், பந்து மாறலாம்... அந்தக் கைராசி வருமா? தொரை அடிச்ச பந்து காட்டுக்குள்ள போனாலும் நல்ல புல்லு மேலதான்டா கெடக்கும்!"

போர்டு இருக்கிறதே, என்ன செய்ய?

இன்னொன்று... அண்ணன் குனிந்து எதையும் எடுக்கவே மாட்டார். விழுந்த கரண்டி, தீப்பெட்டி, சாவி, எல்லாம் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மேலே வரும். "அப்ப கையி என்னத்துக்கு, திங்க மட்டுமா?" என்று அவர் சம்சாரம், எங்கள் அக்கா, ஏசுவார்.

பிறகு கிளப்பில் புதுச் சட்டம் வந்தது. பை தூக்குகிற எல்லோரும் வெறுங்காலில் வராமல் சப்பாத்து போட வேண்டும், சப்பாத்து இலவசம். நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினோம், அண்ணன் மட்டும் எழவு விழுந்த மாதிரி நின்றார்.

"இதோட ஆட்டம் செத்துச்சிடா தம்பி..."

சப்பாத்து கடிக்கிறது போல என்று நினைத்து நான் தேங்காய் எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். மடையன் நான்.

அடுத்து கிளப்பில் ஆட ஒரு பல் டாக்டர் வந்தார். கண்டி டவுனில் கிளினிக், தங்கமான மனுஷன், பைக்குள் இருக்கும் மட்டைகளை விற்றால் ஒரு த்ரீவீலர் வாங்கலாம்.

ஒரு நாள் டாக்டர் வெளுத்து வாங்கினார். கடைசிக் குழியை நாலு அடியில் முடித்தால் முப்பத்திமூன்று... போர்டில் தொரை பெயர் போய் டாக்டர் பெயர் வரும். அன்றைக்கு டாக்டரின் பை அண்ணன் தோளில்.

ரெண்டாவது அடி சறுக்கி, பந்து ஒரு மர வேர் இடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. நானும் அண்ணனும் முன்னால் ஓடினோம், டாக்டர் இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம்.

அண்ணன் குனிந்தார். வாழ்க்கையில் அன்றுதான் அவர் குனிந்து பார்த்தேன். இடது சப்பாத்தின் லேஸை அவிழ்த்தார், கழற்றினார், பெருவிரலைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்...

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி மனுஷா! முப்பத்தினாலு!

ஆனால் விரல் பந்தைத் தொடவில்லை. பிறகு காலை இழுத்துச் சப்பாத்துக்குள் விட்டு லேஸைக் கட்டிவிட்டார். டாக்டர் வந்து வேரோடு மல்லுக்கட்டி ஆறு அடியில் முடித்தார், மொத்தம் முப்பத்தஞ்சு.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "ஏண்ணே, தொரைக்கி வெரலால பந்தத் தள்ளுனீங்கதானே?"

"தள்ளுனேன். அந்த முப்பத்தினாலுல மூணு அடி என் வெரலு மிச்சம் புடிச்சது. தொரைக்கே தெரியாது, பாவம்... கைராசின்னு நெனச்சிக்கிட்டே போய்ச் சேந்தாரு."

"அப்ப டாக்டருக்கும் தள்ளியிருக்கலாமே?"

"மடையா, என் ரெக்கார்ட நானே ஒடைக்கவா?"

கதிர்காமத்தான் மேல் சத்தியம் வாங்கினார். "நான் இருக்குற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. செத்த பொறகு ஊரெல்லாம் தமுக்கடி!" அதான் அடிக்கிறேன்.

மஹய்யாவவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு இன்று டாக்டரும் வந்திருந்தார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, "சன்னாசி அண்ணன் சொல்றது சரிதான், பழைய ஆளுங்க மாதிரி வராது" என்றார். எனக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"மூணு அடியா?" டாக்டர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப தொரை முப்பத்தேழு, நான் முப்பத்தஞ்சு... அட, நான் ஜெயிச்சிட்டேனே!"

செத்த வீட்டில் சத்தமாகச் சொல்லிவிட்டார். அக்கா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கிளப்புல சொல்லி போர்ட மாத்தச் சொல்லுவமா டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

டாக்டர் அண்ணன் கிடந்த பெட்டியைப் பார்த்தார். சப்பாத்து இல்லை, சொக்ஸ் இல்லை... வழக்கப்படி கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"வேணாம். அது அவரோட ரெக்கார்டு, இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

நாளை பின்னேரம் மஹய்யாவ மயானம். தகனத்துக்கு முன் அந்தத் துணியை அவிழ்ப்பார்கள், அதை நான்தான் அவிழ்ப்பேன் என்று மகனிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணே... அங்கயும் சப்பாத்து போடச் சொன்னா கழட்டி வீசிருங்க.